நாற்காலியில் குறை இல்லை

ஓய்வு பெற்று ஒரு வருடம் முடியப் போகிறது. இன்னும் எங்கே உட்கார்ந்தாலும் என் வலது கை தானாக இருக்கைக்கு அடியில் போய் உயரம் மாற்றும் லிவரைத் தேடுகிறது. முடி வெட்டும் கடையில் தேடியது, பரவாயில்லை, அங்கே ஒன்று இருந்தது. ஒரு நிக்காஹ் வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலிக்கு அடியிலும் தேடியது. பக்கத்தில் இருந்தவர் நான் எதையோ தொலைத்துவிட்டதாக நினைத்துத் தானும் குனிந்து தேடினார். மத்தியானத் தூக்கத்தில் வரும் கனவிலும் நாற்காலிகள்தான். ஆள் இல்லாத நாற்காலிகள் ஒரு நீளமான கூடத்தில், எல்லாம் ஜன்னலைப் பார்த்தபடி நிற்கும். பயமாக இருக்காது. யாருக்கோ காத்திருக்கின்றன என்று தோன்றும், அவ்வளவுதான்.

நான் வேலை பார்த்த கடையிலிருந்து இப்போது அளவெடுக்க ஆள் போவதில்லை. வாங்குகிறவர் உட்கார்ந்தபடி பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுத்து அனுப்பினால் போதும். போன் அதன்மேல் கோடு கோடாக வரைந்து, இருக்கை இவ்வளவு உயரம், கைப்பிடி இவ்வளவு உயரம் என்று சொல்லிவிடும். கடைப் பிள்ளைகள் வாட்ஸப் குழுவில் என்னைக் கேட்டார்கள், இக்கா, இதில் எது விட்டுப்போகும், எழுதித் தாருங்கள் என்று. நான் போனோடு சண்டைக்கு நிற்கவில்லை. அந்தக் கோடுகள் நான் வரைவதைவிட நேராகத்தான் இருக்கின்றன. எனக்கு நடந்த ஒன்றை மட்டும் எழுதுகிறேன். தப்பு செய்ததைச் சொல்வதற்கு எனக்கு வீட்டு மொழிதான் வருகிறது, அதனால் தமிழில் எழுதுகிறேன். குழுவில் பாதிப் பேர் மலையாளிகள், தமிழ் வாசிக்க வராது. தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டட்டும்.

என் பெயர் இப்ராகிம். இக்கா என்றால் இங்கே அண்ணன். வீடு சுள்ளிக்கல்லில். தாத்தா காலத்தில் பாலக்காட்டிலிருந்து இந்தத் துறைமுக ஊருக்கு வந்த ராவுத்தர் குடும்பம். முதலில் தோப்பும்படியில் ஒரு பட்டறையில் பஸ் சீட்டுக்கு ரெக்ஸின் தைத்தேன். பிறகு ஆபீஸ் நாற்காலி விற்கும் கடையில் சேர்ந்தேன். கடையின் கோடவுன் கொச்சங்காடியில். அதற்கு முன்பு அங்கே சுக்கு மூட்டைகள் அடுக்கியிருந்தார்கள். எத்தனை முறை கழுவினாலும் வாசம் போகவில்லை. காக்கநாட்டில் ஒரு கம்பெனியிலிருந்து, உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தால் சுக்குக் காப்பி குடிக்கத் தோன்றுகிறது என்று புகார் வந்தது.

வேலை கற்றுக்கொண்ட வருடங்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கற்றுக்கொடுத்த ஆளைப் பற்றிச் சொல்லலாம். சர்வீஸுக்குத் தலைவர் மணி சார். அவரும் பாலக்காட்டுக்காரர், எங்களிடம் பாலக்காட்டுத் தமிழ் பேசுவார். தேய்த்த வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் மடித்த பழைய பேப்பர். எந்த ஆபீஸுக்குப் போனாலும் அந்தப் பேப்பரைத் தரையில் விரித்து அதன்மேல் இரண்டு முழங்காலையும் ஊன்றிக்கொள்வார். முதலில் நாற்காலியைத் தொட மாட்டார். உட்கார்ந்திருப்பவரின் பாதத்தைப் பார்ப்பார். முழுப் பாதமும் தரையில் படிகிறதா, குதிகால் தூக்கி நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் இருக்கையின் உயரம். அதற்கப்புறம் முழங்காலின் பின்பக்கம். இருக்கையின் முன்விளிம்புக்கும் அந்தப் பள்ளத்துக்கும் நடுவே மூன்று விரல் நுழைய வேண்டும். அவர் விரலை வைக்க மாட்டார், "உங்க விரலெ நீங்களே வெச்சுப் பாருங்க" என்பார். விரல் நுழையவில்லை என்றால் இருக்கையைப் பின்னால் தள்ளுவார். பிறகு முதுகு. இடுப்பு உள்வாங்கும் இடத்தில் தாங்கி வந்து முட்ட வேண்டும், அதற்கு மேலேயும் கூடாது, கீழேயும் கூடாது. கைப்பிடி தோளைத் தூக்கக் கூடாது. கடைசியாகத்தான் சாய்வு. ஒல்லியானவர் சாய்ந்தால் நாற்காலி முரண்டு பிடிக்கக் கூடாது, கனமானவர் சாய்ந்தால் மல்லாத்திவிடக் கூடாது. அடியில் இருக்கும் குமிழைத் திருகித் திருகி அந்த இடத்தைக் கண்டுபிடிப்பார். அந்த நேரத்தில் அவர் கண் மூடியிருக்கும்.

இவ்வளவும் முடிந்த பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கும். "சாயா உண்டோ?" என்று கேட்பார். சாயா வரும். ஓரமாக நின்று குடித்துக்கொண்டே மழையைப் பற்றி, பாலத்தில் நெரிசலைப் பற்றிப் பேசுவார். உட்கார்ந்திருப்பவர் எங்களை மறந்து வேலையில் இறங்கிவிடுவார். அப்போதுதான் மணி சாரின் கண் மறுபடி நாற்காலிக்குப் போகும்.

"நாம பாக்கற வரைக்கும் எல்லாரும் போட்டோக்கு இரிக்கற மாதிரி இரிப்பாங்க," என்று முதல் நாளே என்னிடம் சொன்னார். "ஒரு சாயா குடிச்சு கழியட்டும். பின்னெ பாரு, உள்ளது தெரியும்."

அப்படி எத்தனையோ உள்ளதைப் பார்த்திருக்கிறேன். ஒரு பாங்கு மானேஜர் சாயா வந்த ஐந்தாவது நிமிடத்தில் ஷூவைக் கழற்றிவிட்டு நாற்காலிமேல் சம்மணம் போட்டுக்கொண்டார். முதுகுத் தாங்கிக்கும் தனக்கும் நடுவே கைப்பையை வைத்துக்கொண்டு, தாங்கி சரியில்லை என்று இரண்டு மாதமாகப் புகார் சொன்ன ஒரு டீச்சரம்மாவும் உண்டு. நாற்காலியைச் சுற்றிய பிளாஸ்டிக் உறையை அழுக்காகும் என்று பிரிக்கவே விடாதவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. காற்றுப் போகட்டும் என்று வலை வைத்துச் செய்த முதுகு, அதன்மேல் பாலிதீன். வியர்க்கிறது என்று அவர்களும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

இனி செல்வியின் விஷயத்துக்கு வருகிறேன்.

ஜூ டவுன் பக்கம், காயல் என்கிற உப்பங்கழியை ஒட்டி, ஒரு மலைச்சரக்கு ஏற்றுமதிக்காரரின் பழைய கோடவுன். முன்பக்கம் மிளகும் ஏலமும். பின்பக்கம் கண்ணாடி வைத்துத் தடுத்த ஆபீஸ், அதில் எட்டுப் பேர். அவர்களில் ஒருத்தி செல்வி. முப்பத்தைந்து வயது இருக்கும். அப்பா முனிசிபாலிட்டியில் துப்புரவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மூச்சு வாங்கும் நோயாளி. வீடு அவள் சம்பளத்தில் ஓடியது. கப்பலுக்குப் போகும் காகிதம் எல்லாம் அவள்தான் தட்டச்சு செய்வாள். மர நாற்காலியில் உட்கார்ந்து முதுகுவலி வந்து, டாக்டர் எழுதிக் கொடுத்து, அந்த ஆபீஸிலேயே அவள் ஒருத்திக்கு மட்டும் எங்கள் நாற்காலி வாங்கினார்கள். வாங்கிய ஜோஸ் முதலாளி கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அதற்குப் பிறகும் அவள் லீவு கேட்டபோது அவருக்குப் பொறுக்கவில்லை.

முதுகுவலி போய்விட்டது. பதிலாக இடது தொடையில் ஒரு வலி தொடங்கி இடுப்புவரை ஏறியது. சாயங்காலம் எழுந்தால் அந்தக் காலை ஊன்ற முடியவில்லை. மர நாற்காலியில் உட்கார்ந்த மற்ற ஏழு பேருக்கு ஒன்றுமில்லை, விலை கூடிய நாற்காலியில் உட்கார்ந்தவளுக்கு வலி. ஆபீஸில் சிரிக்க இதைவிட வேறென்ன வேண்டும்?

மூன்று முறை போனேன். முதல் முறை இருக்கையை அரை விரல் தாழ்த்தினேன். இரண்டாவது முறை ஆழத்தைக் குறைத்தேன், இருக்கையை ஏற்றி இறக்கும் கேஸ் லிஃப்டையே மாற்றினேன். மூன்றாவது முறை எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்த்தேன். பாதம் சரி, மூன்று விரல் சரி, முதுகு சரி, கைப்பிடி சரி, சாய்வு சரி. அன்று நோன்பு பதினெட்டோ பத்தொன்பதோ. செல்வியே கேட்டாள், "இக்கா, சாயா சொல்லட்டா?" என்று. பிறகு நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் சிரித்துவிட்டுப் பையைக் கட்டினேன். சாயா வேண்டாம், சரி. சாயா குடிக்கும் நேரமாவது அங்கே நின்றிருக்கலாம். நோன்பில் நிற்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சாயா இல்லாததால் அந்த நிற்றலும் என் நினைவிலிருந்து போய்விட்டது.

வாசலில் ஜோஸ் முதலாளி மறித்தார். மலையாளத்தில்தான் பேசினார், நான் தமிழில் எழுதுகிறேன்.

"நேராச் சொல்லு இப்ராகிமே. நாற்காலியில ஏதாவது கோளாறு இருக்கா?"

"இல்ல சார். எல்லாம் கரெக்ட்."

"அதெ எழுதிக் கொடு."

சர்வீஸ் சீட்டில் எழுதினேன். நாற்காலியில் குறை இல்லை. கீழே கையெழுத்து. எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். மூன்று முறை வந்தும் தீராத வலி என்றால் அது நாற்காலியில் இல்லை, அந்தப் பெண்ணிடம்தான் ஏதோ இருக்கிறது என்று நானும் நம்பினேன்.

பெருநாள் கழிந்து கடைக்குப் போனால், அந்த ஆபீஸிலிருந்து ஆள் அனுப்பச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார்கள். நாற்காலியை ஜோஸ் முதலாளியின் அறைக்கு மாற்றி, அவர் உயரத்துக்குச் சரிசெய்து தர வேண்டும். செல்வி என்ன செய்வாள் என்று போனில் கேட்டேன். அவள் வேலையை விட்டுவிட்டாள் என்றார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் சோற்றுக்குப் போயிருந்தார்கள். முதலாளியும் இல்லை. காவல்காரர் ஒரு சாயா வாங்கிக் கொடுத்துவிட்டு, "அவங்க வரட்டும், இரி" என்று சொல்லிப் போனார். செல்வியின் நாற்காலியை மேசைக்கு அடியிலிருந்து இழுத்து வைத்துவிட்டு ஜன்னல் திண்டில் உட்கார்ந்தேன். வெளியே காயல். உச்சி வெயில் தண்ணீரில் பட்டு, அந்த வெளிச்சம் ஓட்டுக்கூரையின் உள்பக்கம் மெல்ல ஆடியது. முன்பக்கத்திலிருந்து ஏலக்காய் வாசம். கண் செருகியது. தூங்கினேனா இல்லையா என்று சொல்ல முடியாத அந்த நிலையில் பார்த்தேன், செல்வியின் நாற்காலி மேசையை விட்டு நகர்ந்துகொண்டிருந்தது.

யாரும் அதைத் தொடவில்லை. காற்றும் இல்லை. மிக மெதுவாக, கொஞ்சம் நின்று, பிறகு மறுபடி நகர்ந்து, திரும்பிக்கொண்டே காயல் பக்கச் சுவருக்குப் போய் லேசாக முட்டி நின்றது. கனவு என்றுதான் நினைத்தேன். எத்தனையோ நாள் கனவில் பார்த்த நாற்காலிகளில் ஒன்று வெளியே வந்துவிட்டது என்று நினைத்தேன். கையில் சாயா சுட்டது. எழுந்து போய் நாற்காலியை மேசைக்குத் தள்ளி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஒரு மிடறு, இரண்டு மிடறு. மறுபடி புறப்பட்டது.

மீதிச் சாயாவைத் தரையில் ஊற்றினேன். அது தயங்காமல் அதே சுவரை நோக்கி ஓடியது. அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. இது கோடவுன் தரை. மூட்டை ஏற்றி இறக்கியபின் கழுவிவிடும் தண்ணீர் காயலில் போய் விழ வேண்டும் என்று அந்தக் காலத்தில் சரிவாகப் போட்ட தரை. கண்ணுக்குத் தெரியாத சரிவு. நான்கு கால் மர நாற்காலிக்கு அது தெரியாது. ஐந்து சக்கரத்துக்குத் தெரியும். சுவரில் சக்கர உயரத்தில் ஒரு வரி முழுக்கக் கறுப்புத் தடம் இருந்தது. மேசைக்கு அடியில், இடது பக்கம், ஒரு செருப்பு அளவுக்குச் சிமெண்ட் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது.

நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். பத்து மூச்சு விட்டிருப்பேன். குனிந்து பார்த்தால் என் இடது கால் தரையில் அழுத்தி முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. நான் அதற்குச் சொல்லவில்லை. அதுவும் என்னிடம் கேட்கவில்லை. செல்விக்கும் தெரிந்திருக்காது. காலை ஒன்பதரையிலிருந்து சாயங்காலம்வரை, ஒரு முழு நாற்காலியையும் தன்னையும் அந்த ஒற்றைக் காலால் பிடித்து நிறுத்தியிருக்கிறாள்.

மூன்று முறை வந்த எனக்கு ஏன் தெரியவில்லை? நான் மணி சாரைப் போல இரண்டு முழங்காலையும் ஊன்றுவதில்லை. ஒரு முழங்காலைத் தரையில் வைத்து, மறு பாதத்தைச் சக்கரத்துக்கு முட்டாகக் கொடுத்துக்கொள்வேன். பட்டறையில் பஸ் சீட்டு நகராமல் இருக்கப் பழகிய பழக்கம். மூன்று முறையும் நாற்காலியைப் பிடித்து நிறுத்தியது என் கால். அவள் காலுக்கு வேலையே இல்லை. நான் எழுந்து போன பிறகுதான் அவளுக்கு வலி தொடங்கியிருக்கும். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

முதலாளிக்குக் காத்திருக்காமல் கொச்சங்காடிக்குத் திரும்பினேன். மணி சார் கோடவுனில் சக்கரங்களை எண்ணிப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். நான் சொல்லி முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நீ எழுதிக் கொடுத்த சர்வீஸ் சீட்டு இப்போ எங்கெ இரிக்குது?"

"முதலாளி கையில."

"அப்போ வாயால சொன்னா மதியாகாது, போதாது. எழுதினது எழுதினதா அங்கெ கெடக்கும். நீயே வேற எழுது."

"சார், தரையப் பாக்காமெ வித்துட்டோம்னு வரும். கடைக்குக் கெட்ட பேரு."

"வரட்டும். நீ எழுது, அடியில நானும் ஒப்பு வெக்கறேன்."

எழுதினேன். தரை சரிவு. சக்கரம் வைத்த நாற்காலியை அங்கே போட்டது எங்கள் தவறு. அதனால்தான் செல்வியின் காலில் வலி. முன்பு எழுதிக் கொடுத்தது பிழை. இப்படி நான்கு வரி மலையாளத்தில். மணி சார் படித்துவிட்டு, 'எங்கள்' என்பதை மட்டும் விரலால் தொட்டுக் காட்டி, செரி என்று தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார்.

ஜோஸ் முதலாளி அதை இரண்டு முறை படித்தார். தரையைக் குனிந்து பார்த்தார். நான் நாற்காலியைத் தள்ளிக் காட்டினேன். அது போய்ச் சுவரில் முட்டியது. "அந்தப் பெண்ணெ வரச் சொல்லு," என்றார்.

செல்வியின் வீடும் எங்கள் சுள்ளிக்கல்லில்தான், நான்கு சந்து தள்ளி. உள்ளே அவள் அப்பா இருமும் சத்தம் கேட்டது. அவள் வாசலில் நின்றபடியே சீட்டை வாங்கிப் படித்தாள். அவளும் என்னைப் போல வீட்டில் தமிழ்தான், ஆனால் மலையாளம் வேகமாக வாசிப்பாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"முதலாளி இதெ வாசிச்சாரா இக்கா?"

"ரெண்டு வாட்டி."

"எங்கெ வெச்சு?"

"அவரு ரூமுல."

அவள் சீட்டை நான்காக மடித்தாள்.

"நீங்க முதல்ல எழுதிக் கொடுத்தீங்கல்ல, அதெ அவரு ஹால்ல வெச்சு, எல்லாரும் கேக்க வாசிச்சாரு. நாற்காலியில குறை இல்லியாம், பின்னெ யாருக்குக் குறைன்னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கே சந்தேகம் வந்துடுச்சு இக்கா. நெஜமாவே எனக்கு வலிக்குதா, இல்ல நானா நெனச்சுக்கறேனான்னு ராத்திரியெல்லாம் காலெப் பிடிச்சுப் பாத்துட்டே இருந்தேன்." சீட்டை என் கையில் திருப்பிக் கொடுத்தாள். "இதையும் அங்கெ வெச்சு வாசிக்கச் சொல்லுங்க. அப்போ வரேன்."

அவள் வலியை நான் நம்பாதது ஒரு பக்கம். அவளே நம்ப முடியாமல் செய்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

முதலாளி வாசிக்கச் சம்மதிக்கவில்லை. அதில் எனக்குக் கோபம் இல்லை, எழுதியது நான்தானே. திங்கட்கிழமை காலை எட்டுப் பேரின் நாற்காலியும் இருந்த அந்த ஹாலில் நின்று நானே வாசித்தேன். மணி சார் பக்கத்தில் நின்றார். வாசிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. யாரும் சிரிக்கவில்லை. முதலாளி தன் அறை வாசலில் நின்று கேட்டார், உள்ளே போகவில்லை. செல்வி வெளியே படியில் நின்றிருந்தாள். வாசித்து முடித்ததும் செருப்பைத் தட்டிவிட்டு உள்ளே வந்து, யாரையும் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் போட்டாள்.

அதற்கு முந்தின நாளே அங்கே வேலையை முடித்திருந்தோம். சரிவுக்குத் தகுந்தபடி அடியில் ஆப்பு வைத்து ஒரு பலகைத் தளம் போட்டு, மட்டம் பார்த்து, சக்கரங்களைக் கழற்றி, நகராத பிளாஸ்டிக் குமிழ்களைப் போட்டோம். ஊற்றிய தண்ணீர் ஊற்றிய இடத்திலேயே நின்றது.

இனி வலி இருக்காது என்று நினைத்தேன். அடுத்த வாரம் போனேன், சாயா வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றேன். அவள் என்னை மறந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். மேசைக்கு அடியில் அந்த இடது கால் பலகையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது, விரல்கள் வெளுக்கும்வரை. தரை சரிவில்லை, நாற்காலி நகராது, இருந்தும் பிடித்துக்கொண்டிருந்தது. அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். மணி சாரிடம் சொன்னால், "அந்தக் காலுக்கு யாரு சொல்றது? நேரம் எடுக்கும், நீ போய்ட்டு வா," என்றார். சர்வீஸ் சீட்டு இல்லாமலே வாரா வாரம் போனேன். எடவப்பாதிப் பருவமழை தொடங்கி, கர்க்கடகம் என்கிற ஆடி மாதமும் பாதி போயிற்று.

ஒரு நாள் வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. காயலும் வானமும் ஒரே நிறம். ஆபீஸில் பகலிலேயே விளக்கு. நான் ஜன்னலோரம் நின்று குனிந்து பார்த்தேன். செருப்பு தனியாகக் கிடந்தது. அந்தக் கால் பக்கவாட்டில் சரிந்து, விரல்கள் விரிந்து, பலகைமேல் சும்மா கிடந்தது. ஒன்றையும் பிடிக்கவில்லை. அவளுக்கு அது தெரியாது. சொல்லலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். சொன்னால் காலை இழுத்துக்கொள்வாள். டம்ளரைத் திண்டில் சத்தம் வராமல் வைத்துவிட்டு, மழையில் இறங்கி நடந்தேன்.